‘இனி இங்கே அரசியல் கூடாது’ என்றேன், குழுவே ஊமையாகிவிட்டது

வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் திருச்சிக்காரன். ஜார்ஜியா மாநிலம் மரியெட்டாவில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. வந்த புதிதில் பேஸ்பால் என்றால் தலையும் புரியாது, வாலும் புரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் கொடுத்து, ஆட்டத்தைப் பந்து பந்தாக எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். என் மகள் அவரைத் ‘தாத்தா’ என்றே கூப்பிடுவாள். இன்று நான் அட்லாண்டாவின் பேஸ்பால் அணியான பிரேவ்ஸ் மேல் பைத்தியம்.

நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறோம். ஐந்து பேர் தமிழர்கள். பெரியவரும் இருக்கிறார். என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்மணி ஒருவரும் உண்டு. எங்கள் எல்லோரையும்விட ஆட்டம் தெரிந்தவர். குழுவை நடத்துவது நான்.

2025 ஜூலையில், எல்லா அணிகளின் நட்சத்திர வீரர்களும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம் பிரேவ்ஸின் மைதானமான ட்ரூயிஸ்ட் பார்க்கில் நடந்தது. 2021இல் ஜார்ஜியாவின் புதிய தேர்தல் சட்டத்தை எதிர்த்து இதே ஆட்டத்தை இங்கிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். பெரியவர் மைதான வாசலில் நின்று படம் எடுத்துப் போட்டு, ‘போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சட்டம் அப்படியேதான் இருக்கிறது’ என்று எழுதினார். அதற்கு அந்தப் பெண்மணி, ‘2020 ஜூனில் என் அம்மா ஓட்டுப் போட நான்கு மணி நேரம் வரிசையில் நின்றார். முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். இந்தச் சட்டப்படி இன்று அது குற்றம்’ என்று எழுதினார். பத்து நிமிடத்தில் குழு பற்றிக்கொண்டது. நம் ஆட்களில் ஒருவர் விசா பற்றி ஒரு நீண்ட ஃபார்வர்டு போட்டார். இன்னொருவர் என்ன நினைத்தாரோ, டெல்லி அரசியல் வீடியோ ஒன்றைப் போட்டார். பதறிப்போய் அந்தப் பெண்மணியின் செய்தியையும் ஃபார்வர்டுகளையும் நீக்கினேன். பெரியவர் போட்டது மைதானப் படம்தானே என்று விட்டுவிட்டேன். ‘இனி இங்கே அரசியல் கூடாது, ஆட்டம் மட்டும்’ என்று அறிவித்தேன்.

அந்தப் பெண்மணி ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அலுவலகத்தில் பார்த்தால் ‘குட் மார்னிங்’ மட்டும். பெரியவர் எனக்குத் தனியாக ஒரு பெரிய செய்தி அனுப்பினார்: பேச்சுரிமை, பத்திரிகைகள், 2021இல் தன் மருமகனின் உணவகம், இன்னும் என்னென்னவோ. அதன் பிறகு மாலையில் அவர் வராந்தாவுக்கே வருவதில்லை. குழுவில் இப்போது பிறந்தநாள் வாழ்த்தும் கேக் படமும்தான் வருகின்றன.

நம் ஊரில் கிரிக்கெட் பேசும்போது அரசியலா பேசினோம்? நான் செய்தது சரியா? குழுவைக் கலைத்துவிடலாமா? ஓட்டே இல்லாத நான் இதிலெல்லாம் கருத்துச் சொல்லலாமா?

இன்னொன்று. 1974இல் பிரேவ்ஸ் வீரர் ஹாங்க் ஏரன் தன் 715ஆவது ஹோம் ரன்னை (பந்தை மைதானச் சுவர் தாண்டி அடிப்பது) அடித்த ஆட்டத்தைப் பெரியவர் நேரில் பார்த்து எழுதிய ஸ்கோர் நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. மகளின் பள்ளி வேலைக்காக வாங்கியது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வாசலில் வைத்துவிட்டு வந்துவிடட்டுமா?

— மரியெட்டா வாசகர்

பதில்

தம்பி,

நோட்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமரசர் வேலை பார்க்கிறேன். என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் இரண்டு மணி நேரம் வேலியைப் பற்றிப் பேசுவார்கள், எல்லைக்கல்லைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்து போகும்போது கதவில் கை வைத்தபடி, ‘எங்கள் அப்பா இறந்தபோது அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை’ என்பார்கள். அந்த வழக்கு அங்கேதான் தொடங்கும். நீங்களும் ‘இன்னொன்று’ என்று போட்டு அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் பிரேவ்ஸ் ரசிகைதான். ஆகவே அணி விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் செய்தது சரியில்லை. அரசியலை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நிறுத்தியது பாதியைத்தான். ‘போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், சட்டம் அப்படியேதான் இருக்கிறது’ என்பதைவிட அரசியலான வாக்கியம் அன்று உங்கள் குழுவில் வேறு எது? அது மைதானப் படத்துக்குக் கீழே இருந்ததால் உங்கள் கண்ணுக்குப் பேஸ்பாலாகத் தெரிந்தது. ஒரு தாய் வரிசையில் நின்ற கதைக்குப் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. அதனால் அது அரசியலாகத் தெரிந்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சுண்ணாம்பு பட்ட கண்ணுக்கு உங்கள் உள்நோக்கம் தெரியாது. தன் செய்தி இருந்த இடத்தில் ‘நிர்வாகி நீக்கினார்’ என்ற வரியும், அதற்கு மேலே பெரியவரின் படம் அப்படியே இருப்பதும்தான் அவருக்குத் தெரிந்தது. என் அம்மாவின் கதையை யாராவது அப்படி அழித்திருந்தால் நானும் பேசாமல்தான் போயிருப்பேன்.

இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு யாரும் முழுவதுமாகச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. உங்களுக்காக இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் 25 அன்று ஜார்ஜியா ஆளுநர் பிரையன் கெம்ப் ஒரு தேர்தல் சட்டத்தில் கையெழுத்திட்டார். எஸ்.பி. 202 என்று பெயர். தபால் ஓட்டுக்கு அடையாள எண் கட்டாயமானது. தபால் ஓட்டுகளைப் போடும் பெட்டிகளை வைப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியாட்கள் தண்ணீரோ உணவோ கொடுக்கக் கூடாது என்று ஆனது. அதே சட்டம்தான், முன்கூட்டி ஓட்டுப் போடுவதற்கு இரண்டு சனிக்கிழமைகளை மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கியது. பெரியவரைக் கேட்டால் சனிக்கிழமைகளைச் சொல்வார். உங்கள் அலுவலகத் தோழி தண்ணீரைச் சொல்வார். இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன.

ஏப்ரல் 2 அன்று பேஸ்பால் லீகின் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட், அந்தச் சட்டத்தை எதிர்த்து, அந்த வருட ஆல்-ஸ்டார் ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தார். ஆட்டம் டென்வருக்குப் போயிற்று. ஹாங்க் ஏரன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் விளையாடிய ஊரில் அவருக்கு அஞ்சலி செலுத்துவதாக இருந்த ஆட்டம் அது. சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ்கூட, ஆட்டம் இடம் மாறியதில் தனக்கு ஏமாற்றமே என்றார். உங்கள் குழுவில் இரண்டு கட்சி கட்டி நிற்பவர்கள் வசதியாக மறந்துபோகும் செய்தி இது. சட்டம் தவறு, ஆட்டத்தை மாற்றியதும் தவறு என்று ஒரே மனிதர் நினைக்க முடியும். அப்படி நினைப்பவர்கள் அட்லாண்டாவில் ஏராளம். அவர்கள் சத்தம் போடுவதில்லை; அவ்வளவுதான்.

ஆட்டம் பறிபோன அதே வருடம் நவம்பர் 2 அன்று, ஹூஸ்டன் அணியை அவர்கள் மண்ணிலேயே வென்று பிரேவ்ஸ் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை எடுத்தது. கோப்பையைக் கொடுக்க மேடையேறியவர் அதே மான்ஃப்ரெட். பெரியவர் அன்று இரவு என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு 2023 நவம்பரில், 2025 ஆட்டம் அட்லாண்டாவுக்கே என்று அறிவிப்பு வந்தது. சட்டம் அப்படியேதான் இருந்தது. 2025 ஜூலை 15 அன்று ஆட்டம் 6-6 என்று சமனாகி, ஹோம் ரன் போட்டி வைத்து முடிவு செய்தார்கள். ஆட்டத்தின் நடுவில், ஏரனின் 715ஆவது ஹோம் ரன்னை ஒளிக்காட்சியாக மைதானத்திலேயே ஓடவிட்டார்கள். நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

எனவே பெரியவர் அந்தப் படத்தைப் போட்டபோது, நான்கு வருட மனக்குறையைப் போட்டார். தோழி பதில் எழுதியபோது ஐந்து வருட மனக்குறையை எழுதினார். இருவரும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஆட்டம் ஏன் போயிற்று, ஏன் வந்தது என்று பேசாமல் ஆட்டம் வந்ததை எப்படிப் பேசுவது?

‘ஆட்டம் மட்டும்’ என்கிறீர்கள். சரி, ட்ரூயிஸ்ட் பார்க்கில் நீங்கள் உட்காரும் நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். அந்த மைதானத்தைக் கட்ட, உங்கள் மரியெட்டா இருக்கும் காப் கவுண்டியின் பொதுப்பணம் ஏறத்தாழ 30 கோடி டாலர் போனது. 2013 நவம்பரில் அதை முன்னின்று நிறைவேற்றிய கவுண்டித் தலைவர் 2016 தேர்தலில் தோற்றார். மைதான விவகாரமும் ஒரு காரணம் என்று ஊரே பேசியது. ஆட்டம் முடிந்து காரை எடுக்க முக்கால் மணி நேரம் காத்துக்கிடக்கிறீர்களே, ரயில் ஏன் இல்லை? அட்லாண்டாவின் மார்ட்டா ரயிலை காப் மக்கள் 1965லேயே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். போக்குவரத்துக்கான வரியை 2024இலும் வேண்டாம் என்றார்கள். பார்க்கிங் கட்டணத்தைப் பற்றிப் புலம்புவது உங்கள் குழுவில் பேஸ்பாலா, அரசியலா? நீங்கள் அதை ஒருமுறைகூட நீக்கியிருக்க மாட்டீர்கள்.

பழங்குடிப் போர்ப்பாட்டு என்ற பாவனையில், கையைக் கோடரி மாதிரி வெட்டிக்கொண்டு பிரேவ்ஸ் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் முனகுவார்களே, அந்தப் பாட்டு? 2019 அக்டோபரில், செயிண்ட் லூயிஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ரயன் ஹெல்ஸ்லி, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர், அது தம் மக்களை இழிவுபடுத்துகிறது என்றார். அந்த அணியோடு ஆடிய தொடரின் ஐந்தாவது ஆட்டத்துக்கு, ரசிகர்கள் ஆட்டும் நுரைப்பஞ்சுக் கோடரிகளை நாற்காலிகளில் வைக்காமல் விட்டது நிர்வாகம். அன்று முதல் இன்னிங்ஸிலேயே எதிரணி பத்து ரன் எடுத்தது. நாம் 13-1 என்று தோற்றோம். கோடரி வைக்காததால்தான் தோற்றோம் என்று இன்றும் சொல்பவர்களை எனக்குத் தெரியும். உங்கள் பதினோரு பேரில் ஒருவராவது நிச்சயம் இருப்பார். அவரோடு வாதாடாதீர்கள், பலனில்லை.

‘நம் ஊரில் கிரிக்கெட் பேசும்போது அரசியலா பேசினோம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆடக் கூடாது என்று ஆனது. 2018 ஏப்ரலில் காவிரிக்காகச் சேப்பாக்கத்துக்கு வெளியே போராட்டம், உள்ளே மைதானத்தில் செருப்பு, மீதி ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்கு. நீங்கள் மரியெட்டாவில் இருந்தபடி அந்த வாரம் குடும்பக் குழுவில் என்ன எழுதினீர்கள் என்று தேடிப் பாருங்கள். ஊர் மேடையை மாற்றினால் ஊர்க்காரனுக்கு வலிக்கும். அந்த வலியை நீங்கள் 2018இல் அறிந்தீர்கள், பெரியவர் 2021இல் அறிந்தார். அந்தப் போராட்டக்காரர்களின் கோபமும் நியாயம் என்று அன்று நினைத்திருப்பீர்களானால், தோழியின் இடமும் உங்களுக்குப் புதிதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிடுவதா? வேண்டாம். விசா ஃபார்வர்டையும் டெல்லி வீடியோவையும் நீக்கியது சரி. யாரோ எழுதி யாரோ அனுப்பியது அது. அனுப்பியவரிடம் ‘இது உண்மையா’ என்று கேட்டால், ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்பார். அவரோடு சண்டைகூடப் போட முடியாது. என் அனுபவத்தில் நட்பை முறிப்பவை பெரும்பாலும் கருத்துகள் அல்ல. சொந்தக்காரர் இல்லாத கருத்துகள் முறிக்கின்றன.

ஆகவே ‘அரசியல் கூடாது’ என்ற பலகையை எடுத்துவிட்டு, வேறு இரண்டு வழக்கங்களைக் கொண்டுவாருங்கள். விதி என்று அறிவிக்காதீர்கள். அறிவிப்புகளால்தான் இந்த நிலைக்கு வந்தீர்கள். முதலாவது, ஆட்டத்தின் வாசல் வழியாக வருவது எதுவானாலும் வரலாம்: மைதான வரி, ரயில், கோடரிப் பாட்டு, கமிஷனர், வீரர் சொன்னது. வாசல் இல்லாமல் சுவர் ஏறிக் குதித்து வருவது வெளியே போகட்டும். இரண்டாவது, பேசுகிறவர் தான் பார்த்ததையோ தனக்கு நடந்ததையோ சொல்லட்டும். ‘என் அம்மா நின்றார்’ என்பதும், ‘என் மருமகனின் கடையில் அந்த வாரம்’ என்பதும் இந்தச் சல்லடையில் நிற்கும். ‘நாட்டையே கெடுத்துவிட்டார்கள்’ கீழே விழுந்துவிடும்.

ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தை மட்டும் பேசுங்கள். இதற்கு அறிவிப்பே தேவைப்படாது. 2023இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு, மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஆட்டம் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிகிறது. முன்பெல்லாம் பிட்சர் மண்ணை உதறி, தொப்பியைச் சரிசெய்து, வானத்தைப் பார்க்கும் இடைவெளியில் பக்கத்து நாற்காலிக்காரர் வியட்நாம் போரைப் பற்றி முழுதாக ஒரு கருத்துச் சொல்லி முடிப்பார், நான் கேட்டிருக்கிறேன். எதிரே முகம் இருந்ததால் வார்த்தை அளவாக வரும். வேர்க்கடலைப் பொட்டலத்தையும் நீட்டுவார். போனில் முகமும் இல்லை, வேர்க்கடலையும் இல்லை.

இனி அந்த இரண்டு பேர்.

முதலில் தோழி. செய்தி அனுப்பாதீர்கள். அலுவலகக் கூட்டம் முடிந்த கையோடும் பேசாதீர்கள். பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு, தனியாக உட்காருங்கள். பெரியவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஸ்கோர் எழுதும் முறையே இங்கே உதவும். களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு; பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து (6) இரண்டாம் தளத்துக்காரருக்கும் (4) அவரிடமிருந்து முதல் தளத்துக்காரருக்கும் (3) போனால் 6-4-3 என்று எழுதுகிறோம். அது நடந்தது, அதில் வாதமில்லை. பேட்டர் தப்பித்து ஓடினால், அது அவர் அடித்த நல்ல அடியா (ஹிட்), தடுத்தவரின் பிழையா (எரர்) என்பது ஸ்கோரரின் தீர்ப்பு. நடந்ததை முதலில் எழுதுவோம், தீர்ப்பு பிறகு. நீங்கள் அவரிடம் முதலில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘உங்கள் செய்தியை நீக்கினேன். அவருடைய படத்தை நீக்கவில்லை. உங்கள் அம்மாவின் கதையை அழித்தேன்.’ அவ்வளவுதான். ‘குழு அமைதியாக இருக்க வேண்டும் என்றுதான்’ என்ற வால் வேண்டாம். வாலைச் சேர்த்தீர்களானால் மன்னிப்பு விளக்கமாகிவிடும்.

அவர் உடனே சிரித்துப் பேசிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். போகட்டும். குழுவுக்குத் திரும்பி வாருங்கள் என்று அன்றைக்கே அழைக்காதீர்கள். அழைத்தால் உங்கள் குழுவை நிரப்பத்தான் மன்னிப்புக் கேட்டீர்கள் என்றாகிவிடும். ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘அம்மா எப்படி இருக்கிறார்?’ நான்கு மணி நேரம் நின்ற அந்த அம்மாவைப் பற்றி உங்கள் குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

அடுத்து பெரியவர். அவர் தனியாக அனுப்பிய செய்தியைப் பற்றி நான்கு விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள்: பேச்சுரிமை, பத்திரிகைகள், மருமகனின் உணவகம், என்னென்னவோ. என் தொழில் புத்தி மூன்றாவதில் நின்றுவிட்டது. பேச்சுரிமையும் பத்திரிகைகளும் எல்லோருடைய செய்தியிலும் இருக்கும். உணவகம் அவர் வீட்டுக் கதை. அந்த உணவகம் எங்கே இருந்தது? ஆல்-ஸ்டார் வாரத்தை நம்பி என்ன செலவு செய்தார்கள்? இன்றும் நடக்கிறதா, மூடிவிட்டார்களா? நீங்கள் கேட்கவில்லை. செய்தியின் நீளத்தைப் பார்த்துப் பயந்துபோய், படித்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரலை அனுப்பியிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

ஒருவருடைய தாய் வரிசையில் நின்றார், இன்னொருவருடைய மருமகன் கடையில் ஆளில்லாமல் நின்றார். சட்டம் நல்லதா கெட்டதா என்பதில் இவர்கள் இருவரும் என்றைக்குமே ஒத்துப்போக மாட்டார்கள். ஒத்துப்போக வைப்பது உங்கள் வேலையும் இல்லை, நான் கூலி வாங்கிச் செய்யும் வேலையும் அது இல்லை. என் அறையில் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: அவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று அவர் தலையாட்டும் வரை. சிலருக்கு இரண்டாவது முறையிலேயே வந்துவிடும். ஒரு சகோதரர்களுக்கு ஒரு முழு மதியம் பிடித்தது. தலையாட்டல் வந்த பிறகும் சொத்தைப் பிரித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் வாசலில் ஒருவருக்காக ஒருவர் காரை நகர்த்தி வழிவிட்டார்கள்.

குழுவைக் கலைக்காதீர்கள். சும்மா கிடக்கட்டும். 2025இல் நம் அணி ஆடிய லட்சணத்துக்கு யாரும் அதிகம் பேசவும் மாட்டார்கள், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும்.

ஓட்டில்லாதவர் கருத்துச் சொல்லலாமா என்ற கேள்வி. கிரீன் கார்டு வைத்திருப்பவர் எதை எழுதினால் என்ன ஆகும் என்பது இன்றைய சூழலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. வாட்ஸ்அப் நண்பர்களிடமும் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். உங்கள் பயம் பொய்யல்ல. ஆனால் பயத்தால் பேசாமல் இருப்பது வேறு, உரிமை இல்லை என்று பேசாமல் இருப்பது வேறு. மரியெட்டாவில் வீட்டு வரி கட்டுகிறீர்கள். அந்த மைதானத்தின் ஒரு செங்கல்லாவது உங்களுடையது. உங்களுக்குக் கருத்து இருக்கிறது. அதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். மற்றவர்களுடைய கருத்தை அழிக்கும் பொத்தானை மட்டும் நடுநிலை என்று நினைக்காதீர்கள். குழுவில் அன்று தன் கருத்தைச் சொல்லாதிருந்தவர் நீங்கள். எல்லோரையும்விட அதிகம் சொன்னவரும் நீங்கள்தான்.

இப்போது நோட்டு.

1974 ஏப்ரல் 8. பழைய அட்லாண்டா மைதானம். நான்காவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் பிட்சர் அல் டௌனிங் போட்ட பந்தை ஏரன் இடது பக்கச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். அதுவரை சாதனையாக நின்ற, வெள்ளையரான பேப் ரூத்தின் 714 அன்று கடந்துபோயிற்று. அதற்கு முந்தைய ஒரு வருடம் ஏரனுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. வெள்ளையரின் சாதனையைக் கறுப்பர் தொடக் கூடாது என்று கொலை மிரட்டல்கள் அவற்றில் நிறைய. பாதுகாப்புக்கு ஆள் வைத்துக்கொண்டுதான் ஆடினார். அந்தக் கடிதங்களை அவர் எரிக்கவில்லை. எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த இரவு உங்கள் பெரியவருக்கு இருபது வயதுக்குச் சற்று முன்பின் இருந்திருக்கும். தெற்கத்திய வெள்ளைக்காரப் பையன் (நீங்கள் சொல்லவில்லை, நான் ஊகிக்கிறேன்), கையில் பென்சிலோடு அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். ஐம்பது வருடம் பத்திரமாக வைத்திருந்த அந்த நோட்டை, திருச்சிக்காரர் ஒருவரின் மகளிடம், பள்ளி வேலைக்காக நம்பிக் கொடுத்திருக்கிறார். உங்கள் தோழி அந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாரா? ஆட்டம் அவ்வளவு தெரிந்தவர் என்கிறீர்கள். ஏரனைப் பற்றி அவர் வீட்டிலும் கதைகள் இருக்கும், அவருடைய அம்மாவிடம் கட்டாயம் இருக்கும்.

வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். சாயங்காலம், அவர் வராந்தாவுக்கு வந்தாலும் வராவிட்டாலும், மகளைக் கூட்டிக்கொண்டு போய் மணியை அடியுங்கள். நோட்டை அவள் கையில் கொடுங்கள், நீங்கள் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்காவது இன்னிங்ஸ் பக்கத்தைத் திறந்து, எழுத்து சரியாகப் புரியாத ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டி, ‘தாத்தா, இங்கே என்ன ஆயிற்று?’ என்று அவள் கேட்கட்டும். உணவகத்தைப் பற்றி நீங்கள் அப்புறம் கேளுங்கள்.